பதினாறு பரப்பு ஒரு ஏக்கர்

விடிய ஐந்தரைக்குத் திருநெல்வேலிச் சந்தைக்குள் கால் வைத்ததும் முதலில் கண் எரிந்தது. வெங்காயம். எரிச்சல் கொஞ்சம் அடங்கிய பிறகுதான் ஆட்கள் தெரிந்தார்கள். இது தாமிரபரணிக் கரைத் திருநெல்வேலி அல்ல. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, ஊரார் வாயில் தின்னவேலி. லாண்ட்மாஸ்டர் பெட்டியிலிருந்து கத்தரிக்காய் மூட்டைகள் இறங்குகின்றன. பீற்றூட் இலையோடு வந்திருக்கிறது, வேரில் செம்பாட்டு மண் ஒட்டியபடி. கோப்பாயிலிருந்து வந்த ஒருவர் சின்ன வெங்காயத்தைப் பிடி பிடியாகக் கட்டிக் குவித்துவிட்டு, விலை சொல்லாமல் கைபேசியைக் காதில் வைத்திருந்தார்.

"தம்புள்ளையில எவ்வளவாம் எண்டு கேட்டுத்தான் இஞ்ச விலை சொல்லுவினம், தம்பி" என்றார் பக்கத்தில் நின்ற பெரியவர். தம்புள்ளைப் பொருளாதார மையம் 1999இல் திறக்கப்பட்டது. அங்கே இரவு எத்தனை லொறி வந்தது என்பதைப் பொறுத்து இங்கே விடியலில் வெங்காயத்துக்கு மதிப்பு ஏறுகிறது, இறங்குகிறது. அதற்கு மேல் குடாநாட்டுச் சந்தைகளில் நெடுநாளாக ஓடிவரும் 'கழிவு' வேறு: நூறு கிலோ கொடுத்தால் தொண்ணூறுக்குத்தான் காசு. மீதிப் பத்து அழுகலுக்கும் மண்ணுக்குமாம். காலையில் பிடுங்கிய பீற்றூட் பத்து மணிக்குள் எப்படி அழுகும் என்று கேட்பவரை வியாபாரிகள் புதுமுகம் என்று உடனே கண்டுகொள்கிறார்கள். என்னையும் கண்டுகொண்டார்கள்.

அன்று என்னைத் தோட்டங்களுக்குள் அனுப்பியவள் லண்டனில் படிக்கும் என் அக்காவின் மகள். நவீன காலத்தின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் விவசாயம் எப்படிச் சந்தைக்கான விவசாயமாக மாறியது என்று அவளுக்குப் பாடம். ஒரு நாள் தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, இஞ்ச வேலி போட்டு ஆக்களைக் கலைச்சவை. எங்கட ஊரில ஆர் ஆரைக் கலைச்சது?" கோப்பாயில் பிறந்து கொழும்பில் நரைத்தவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நல்லூர் தாண்டி இருபாலை வழியாகக் கோப்பாய்ச் சந்திக்கு வரும் பாதை பருத்தித்துறை வீதி. அரசர்கள் ஓடிய பாதையும் ஏறத்தாழ இதுதான். 1560இல் கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிய இடம் கோப்பாய்க் கோட்டை. அதற்குப் பிறகும் யாழ்ப்பாண அரசு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் இழுத்துப் பிடித்து நின்று, 1619இல் பிலிப் டி ஒலிவேறாவிடம் விழுந்தது. 'கோ' என்று அரசனைப் பெயரில் வைத்திருக்கும் ஊர் என்று எங்களுக்குப் பள்ளியில் பெருமையாகச் சொன்னார்கள். கோட்டையைத் தேடிப் போனால் வீட்டு வளவுகளும் தோட்டங்களும்தான்.

1619 என்றதும் எனக்கு வேறொன்று நினைவு வந்தது. அதே ஆண்டில்தான் இங்கிலாந்தின் குளொஸ்ரர்சயரில் வின்ச்கோம் என்ற சிற்றூரில் ஜோன் ஸ்ராட்போர்ட் என்பவர் நிலத்தைக் கூடிய குத்தகைக்கு எடுத்துப் புகையிலை நட்டார். அமெரிக்காவின் வேர்ஜீனியாக் குடியேற்றத்துக்கு நட்டம் வரும் என்று முதலாம் ஜேம்ஸ் மன்னர் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே உள்நாட்டுப் புகையிலையைத் தடை செய்தார். முதல் போட்டவர் விலகினார், துண்டுக்காணிக்காரர் விலகவில்லை. கொஞ்ச நிலத்தில், குடும்பத்தின் கையுழைப்பில், தானியம் தராத காசைத் தரும் பயிர் அது. 1660களிலும் குதிரைப்படையை அனுப்பி அந்தச் செடிகளை மிதித்து அழிக்க வேண்டியிருந்தது. கோப்பாய்க்காரனுக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாத பகுதி, அந்தச் சின்னக் கமக்காரரின் பிடிவாதம்.

ஏனென்றால் யாழ்ப்பாணத்தைப் பணப்பயிருக்கு இழுத்ததும் புகையிலைதான். 1658இல் போர்த்துக்கேயரை விரட்டிய ஒல்லாந்தர் காலத்தில் செம்பாட்டு நிலங்கள் புகையிலைக்கு மாறின. இலை மரக்கலம் ஏறி மலையாளக் கரைக்குப் போயிற்று. திருவிதாங்கூர் அரசு புகையிலை வணிகத்தைத் தன் ஏகபோகமாக வைத்திருந்ததால், அங்கே அரண்மனையில் ஒரு முடிவு எடுத்தால் இங்கே கோப்பாயில் ஒருவன் காணியை ஒற்றி வைத்தான். தம்புள்ளை விலை கேட்கும் இன்றைய கைபேசிக்கு இருநூறு ஆண்டு வயது என்று எனக்குப் படுகிறது. மெல்லுவதற்குப் போகும் இலைக்கு இன்றும் 'மலையாளப் புகையிலை' என்றே பெயர். தெற்கே சிங்கள ஊர்களுக்குச் சுருட்டாகப் போனது வேறு.

புகையிலை பொல்லாத பயிர். நுனி கிள்ள வேண்டும், பக்கக் கன்று ஒடிக்க வேண்டும், புழு பொறுக்க வேண்டும், மழை ஓய்ந்த தையிலிருந்து கோடை முழுக்க இறைக்க வேண்டும். வெட்டிய இலையைக் குடிலில் அடுக்கிப் பொச்சுமட்டையும் ஊமலும் போட்டுப் புகை காட்ட வேண்டும். அந்த வாசம் என் பேரனின் சட்டையில் எப்போதும் இருந்தது. (யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா.) இத்தனை வேலையையும் யார் செய்தது என்பதை ஊர்ப் பெருமை பேசுகிறவர்கள் மெல்லக் கடந்துபோவார்கள். ஒல்லாந்தர் காலத்தில் சோழமண்டலக் கரையில் பஞ்சத்தில் வாங்கப்பட்ட அடிமைகள் இங்கே கொண்டுவரப்பட்டார்கள்; வெள்ளாளக் காணிகளில் அவர்களும் இங்குள்ள அடிமைச் சாதியாரும் உழைத்தார்கள். 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. கிணற்றடியில் துலா மிதித்து இறைத்த கால்கள் மாறவில்லை.

சந்தியிலிருந்து மேற்கே ஒரு ஒழுங்கைக்குள் இறங்கினேன். இரண்டு பக்கமும் வேலி. கிளுவைக் கதியால், இடையிடையே பூவரசு, அதற்கு மேல் பனையோலை அடைப்பு. இப்போது பல இடங்களில் தகரமும் மதிலும். யாழ்ப்பாணத்தானின் ஆன்மா வேலியில் குடியிருக்கிறது என்று தெற்கத்தி நண்பர்கள் கேலி செய்வார்கள். ஒரு முழ எல்லைக்காக இரண்டு தலைமுறை நீதிமன்றம் ஏறிய குடும்பங்களை எனக்கே தெரியும்.

என் மருமகளின் பாடத்திலும் வேலிதான் வில்லன். பழைய ஆங்கிலக் கிராமத்தில் திறந்த பெருவெளி. அதில் ஒவ்வொருவருக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளத் துண்டுகள். ஊர்ப் பொதுத் தரவையில் ஏழையும் ஒரு மாடு மேய்க்கலாம், விறகு பொறுக்கலாம். கம்பளிக்கு விலை ஏறியதும் பிரபுக்கள் அந்த வெளியை வளைத்து முட்செடி வேலி நட்டார்கள். 1549இல் நோர்போக்கில் ராபர்ட் கெட் தலைமையில் சனம் திரண்டு வேலிகளைப் பிடுங்கி எறிந்தது, கெட்டைத் தூக்கிலிட்டார்கள். பிறகு அந்த வளைப்பையே பாராளுமன்றம் சட்டமாகச் செய்தது: 1604க்கும் 1914க்கும் இடையில் 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்கள், 68 இலட்சம் ஏக்கர். சிறு துண்டுகள் சேர்ந்து பெரும் பண்ணைகளாயின. துண்டு இழந்தவன் கூலியானான், அல்லது லண்டனுக்கு நடந்தான். 1600இல் சுமார் 2 இலட்சம் பேர் இருந்த லண்டனில் 1700இல் 5 இலட்சத்துக்கு மேல். அவர்களின் வயிறுதான் புதிய பண்ணைகளுக்குச் சந்தை.

அங்கே வேலி சேர்த்தது. இங்கே வேலி பிரித்தது. ஒழுங்கை முடிவில் ஒரு தோட்டத்தில் நின்ற அண்ணை அதைக் கணக்காகவே காட்டினார். எழுபதைத் தாண்டியவர்; சாரத்தை மடித்துக் கட்டி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். மண்வெட்டியால் ஒரு வெட்டு, வாய்க்கால் திறக்கும். பாத்தி நிரம்பும்போது அதே மண்ணை இழுத்து ஒரு தட்டு, மூடும். கண் அடுத்த பாத்தியில் இருக்கிறது, கை இந்தப் பாத்தியை மூடுகிறது. ஒரு துளி வரம்பு தாண்டவில்லை.

"இது எத்தனை ஏக்கர் அண்ணை?"

"ஏக்கரோ!" சிரித்தார். "ஆறு பரப்பு. பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அப்புவுக்கு இருபது பரப்பு இருந்தது. தங்கச்சிமார் ரெண்டு பேருக்குச் சீதனம் போச்சு. மிச்சம் எனக்கும் தம்பிக்கும். கிணத்தில எனக்கு ஆறில ஒரு பங்கு."

உறுதியைக் கொண்டுவந்து காட்டினார். காணியின் பெயர், நாலு பக்க எல்லை, பனைகள், கிணற்றில் ஆறில் ஒரு பங்கு, 'வழிவாய்க்கால்'. தண்ணீர் இன்னொருவன் காணி வழியாக வர உரிமை இல்லாவிட்டால் செம்பாடு வெறும் சிவப்புத் தூள்.

கிணற்றடியில் பழைய ஆடுகால் ஒன்று இன்னும் நிற்கிறது, துலா இல்லாமல்.

"உதில துலா மிதிச்ச காலம் மூண்டு நாலு பேர் வேணும். மேல ரெண்டு பேர் முன்னும் பின்னும் நடக்க, கீழ ஒராள் பட்டை பிடிக்க, தண்ணி மாற வேற ஆள். விடியப்புறம் மூண்டு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏற முன்னம் முடியும். இப்ப மிசினுக்கு ஒரு பொடியன் காணும்."

மேலே நடந்தவர் தவறி விழுந்தால் கிணறு அல்லது கல். விழுந்தவர்களின் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

சீதனம் என்றாரே, அதில்தான் என் மருமகளின் கேள்விக்கு ஒரு பாதி விடை இருக்கிறது. யாழ்ப்பாணத்து வழக்கங்களை ஒல்லாந்தத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டி எழுத, பன்னிரண்டு முதலியார்கள் படித்து ஒப்புக்கொண்டு 1707இல் தேசவழமைச் சட்டமாயிற்று. முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தைப் பிரித்து வைத்த அதே நூலில் ஒற்றியும் உண்டு, அடிமைகள் பற்றிய பகுதியும் உண்டு. ஆங்கிலப் பிரபு வீட்டில் மூத்த மகனுக்கே காணி முழுதும். தம்பிகள் படைக்கோ கோயிலுக்கோ போவார்கள். பண்ணை உடையாது. எங்கள் வீட்டில் ஒவ்வொரு மகளின் கலியாணத்திலும் காணி ஒரு முறை உடைந்தது. விற்பதானாலும் உரித்தாளருக்கும் பங்காளிக்கும், ஒற்றி பிடித்திருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவிக்க வேண்டும் என்றது தேசவழமை. வெளியாள் புகுந்து நூறு ஏக்கர் சேர்க்க வழியில்லை. பரப்பு சுருங்கச் சுருங்க, அந்தச் சிறு துண்டுக்குள் உழைப்பையும் எருவையும் தண்ணீரையும் கொட்டினார்கள். ஆங்கிலேயன் நிலத்தை அகலமாக்கிச் சந்தைக்குப் போனான் என்றால் கோப்பாயான் ஆழமாக்கிப் போனான்.

அண்ணையின் அயல் தோட்டத்தில் பட்டி அடைத்திருந்தார்கள். ஐம்பது அறுபது ஆடுகள், சுற்றிக் கயிறும் தடியும். இரவு முழுக்க அங்கே படுக்கவிட்டு, விடிந்ததும் புழுக்கையும் சிறுநீரும் நிலத்தில் தங்க, பட்டியை அடுத்த துண்டுக்கு நகர்த்துவார்கள். காணிக்காரர் பட்டிக்காரருக்கு இராக் கணக்கில் காசு கொடுக்கிறார். இதே வேலையை நோர்போக் ஆடுகளும் செய்தன: பகலில் தரவையில் மேய்ச்சல், இரவில் உழுநிலத்தில் அடைப்பு. பிறகு அங்கே கோதுமை, டேர்னிப், பார்லி, குளோவர் என்று நான்கு ஆண்டுச் சுழற்சி வந்து நிலத்தைத் தரிசு போடும் வழக்கம் ஒழிந்தது. குளோவரையும் டேர்னிப்பையும் அவர்கள் கற்றது நெதர்லாந்துப் பக்கத்திலிருந்து. ரிச்சர்ட் வெஸ்டன் 1645இல் அதைப் புகழ்ந்து எழுதினார். கெண்ட் கரையில் காய்கறித் தோட்டம் போடக் கற்றுக்கொடுத்தவர்களும் அங்கிருந்து வந்த அகதிகள். எங்கள் ஊருக்கு வந்த ஒல்லாந்தர் வரி வாங்கத்தான் வந்தார்கள். குளோவரின் வேலையை இங்கே சணல் செய்துகொண்டிருந்தது: மாரியில் விதைத்து, பூக்கும் தறுவாயில் உழுது புதைப்பது. வேலி மாற்றும்போது இறக்கிய பழைய ஓலையும் மண்ணுக்குள்தான் போகும்.

சந்திக்குத் திரும்பிக் கிழக்கே கைதடி வீதியில் போனால் மண் மாறுகிறது. சிவப்பு மங்கி, வயல் வந்து, வயலும் உவர் பூத்துக் கடைசியில் உப்பாறு. பாலத்தில் காற்று தள்ளுகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்க, வலிகாமத்துச் சனம் செம்மணி வழியாகவும் இந்த வழியாகவும் மழையில் நடந்தது. நானும் அதில் ஒருவன். எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி சைக்கிள் கரியரில் விதை வெங்காயப் பிடிகளைக் கட்டித் தள்ளிக்கொண்டு போனார். உடுப்புப் பெட்டி இல்லை. "போற இடத்திலயும் மண் இருக்கும்தானே" என்று யாரிடமோ சொன்னார். அடுத்த ஆண்டு சித்திரை வாக்கில் திரும்பியபோது தோட்டமெல்லாம் பற்றை. கொட்டில்களில் வளை தவிர ஒன்றுமில்லை. அந்த மூதாட்டி எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

நீர்வேலிக்கு வரும்போது வெயில் ஏறிவிட்டது. வாழைத் தோட்டங்களுக்குள் மட்டும் குளிர். குலைகளை வெட்டி, வாழைச் சருகு சுற்றி, காம்பை மேலே வைத்து அடுக்குகிறார்கள். இங்கே ஒரு தேநீர்க் கடையில் எழுபதுகளைப் பற்றிப் பேச்சு எடுத்தால் போதும், முகங்கள் மலரும். 1970இல் வந்த சிறிமாவோ அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியை இறுக்கியது. செத்தல் மிளகாய் பொன்னானது. அதற்கு முன்பே, ஐம்பதுகளிலிருந்து, மண்ணெண்ணெய் பம்பிகள் துலாவை இறக்கிவிட்டிருந்தன. இறைக்க இயந்திரம், போட யூரியா, விற்கத் தடுப்புச் சுவருக்குள் ஒரு முழு நாடு. பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலால் இடம் கிடைக்காத பொடியன்கள் முத்தையன்கட்டுக்குப் போய் மிளகாய் நட்டார்கள். அந்தர் கணக்கில் விற்று மோட்டார் சைக்கிள் வாங்கியவர்களை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். 1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன கதவைத் திறந்தார். வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்தன. அந்த மோட்டார் சைக்கிள்களில் பல அடுத்த ஆண்டே கை மாறின.

தமிழ் அரசியலைப் பேசுகிறவர்கள் 1977 என்றால் தேர்தலையும் கலவரத்தையும் சொல்வார்கள். தோட்டக்காரர் மிளகாய் விலையைச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக எழுதிய வரலாறு இன்னும் போதவில்லை என்பது என் எண்ணம்.

சந்தை எவ்வளவு கொடுக்கிறதோ அவ்வளவுக்குக் கழுத்திலும் கை வைக்கும். 1990 முதல் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் யூரியாவும் வரவில்லை. துலாக்கள் மறுபடி எழுந்தன, நடக்கத் தெரிந்த கால்கள் தேடப்பட்டன. 2021 மே முதல் நவம்பர் வரை இரசாயன உரத்துக்குத் தடை. ஆட்டெருவுக்கு யானை விலை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340. கடைக்காரர் இவற்றை ஆண்டு ஆண்டாகச் சொல்லிவிட்டு, "மிசின் பாவம், அது என்ன செய்யும்" என்று முடித்தார்.

நவக்கிரியில் நிலாவரை. இராமன் அம்பால் குத்திய கேணி, அடியில்லாதது என்பது ஊர்க்கதை. மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர் என்பது அளந்து கண்டது. குடாநாடு முழுக்க இதே கதைதான்: சுண்ணக்கல்லுக்குள் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு படை நல்ல தண்ணீர். மாரி மூன்று மாதம் பெய்வதை ஆண்டு முழுக்க எடுக்கிறோம். துலா எடுத்த வேகத்தில் கிணறு ஊறியது. பம்பி எடுக்கும் வேகத்தில் உவர் மேலே வருகிறது. போட்ட யூரியாவும் நைத்திரேற்றாகக் குடிதண்ணீருக்கு இறங்குகிறது. படிக்கட்டில் நின்று பார்த்தேன். பச்சை நீர், அசைவில்லை. பக்கத்தில் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் கல்லைப் போட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

பின்னேரம் கோப்பாயில் எங்கள் வளவுக்குப் பின்னாலுள்ள நாலு பரப்புக்குப் போனேன். சின்ன மாமியின் சீதனக் காணி. மாமி இல்லை, பிள்ளைகள் ரொறன்ரோவில். காணியைக் குத்தகைக்குச் செய்கிறவர் ஒரு அம்மா. அவருடைய தகப்பன் என் பேரனுக்குத் துலா மிதித்தவர். பேரனை 'நயினார்' என்று கூப்பிட்டவர். மகள் என்னை 'அண்ணை' என்கிறார். பீற்றூட் இலைகளுக்கு நடுவில் நின்று, மின்மோட்டாரை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

மருமகளுக்குச் சொல்ல வேண்டியதன் மறுபாதி அங்கே நின்றது. இங்கிலாந்தில் நிலத்தை விட்டுப் போனவர் உழைத்தவர். உறுதி வைத்திருந்தவர் இருந்தார். இங்கே உறுதி வைத்திருந்தவர்களில் பலர் போர் வந்து விமானம் ஏற, அவர்களுக்காக உழைத்தவர்களின் பிள்ளைகளில் பலர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள், குத்தகைக்காரராக. கலைத்தது யார் என்றால் பதில் நீளும்.

அந்த அம்மா வேலியைக் காட்டினார். அடுத்த காணியில் செம்பாட்டை மூடிக் கிறவல் கொட்டி வீட்டு மனையாக அளந்து கல் நட்டிருந்தார்கள்.

"அண்ணை, கனடாவில இருக்கிறவையிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ. விக்கிறதெண்டால் முதல்ல எங்களைக் கேக்கச் சொல்லி. பரப்புக் காசு சிறுகச் சிறுகக் கட்டுவம்."

முதலில் கேட்க வேண்டியவர்கள் யார் என்று தேசவழமை 1707இல் எழுதிய வரிசையில் குத்தகைக்காரர் இல்லை. அன்றிரவு லண்டனுக்கு எழுத வேண்டியதை ஒத்திவைத்து ரொறன்ரோவுக்கு எழுதினேன். சின்ன மாமிக்குப் பிள்ளைகள் மூவர். மூவரும் கையெழுத்து வைத்தால்தான் அந்த நாலு பரப்பு அசையும்.